பொதித்தாளும் மாளிகையும்

எங்கள் பாடசாலையின் சித்திர ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனபின் அந்தப் பாடம் என் தலையில் விழுந்தது. நான் தமிழ் கற்பிக்கிறவன். ஆசிரிய கலாசாலையில் படித்த காலத்தில் ஒரு பூவரசம் இலையைக்கூட ஒழுங்காக வரைந்து காட்டியவனல்ல. வரையக் கற்றுக்கொடுக்க முடியாவிட்டாலும் வரைந்தவற்றைப் பார்க்கவாவது பழக்கலாமே என்றெண்ணி, சில படங்களைப் பெரிதாக அச்செடுத்துக் கரும்பலகையில் ஒட்டினேன். அவற்றில் இரண்டு, ஸைனுல் ஆப்தீன் 1943இல் வரைந்த வங்கப் பஞ்சச் சித்திரங்கள். ஒன்றில் எலும்பும் தோலுமான ஒரு தாயும் பிள்ளையும். மற்றதில் தெருவில் விழுந்து கிடக்கும் உடலும் அருகே காகமும்.

பின்வரிசைப் பையன் ஒருவன் எழும்பிக் கேட்டான்: "சேர், இதுக்கு ஏன் நிறம் தீட்டல்ல?"

நிறம் வாங்கக் காசில்லாத காலம் என்று சொல்லிச் சமாளித்தேன். அது பிழையான பதில். பிழை என்று விளங்க எனக்குப் பல மாதம் பிடித்தது. அதைத் திருத்திக் கொள்ளவே இக்கட்டுரை.

பங்களாதேஷில், பழைய பிரமபுத்திரா ஆற்றின் கரையில் இருக்கும் மைமன்சிங் நகரில் 1975 ஏப்ரலில் 'ஸைனுல் ஆப்தீன் சங்ரஹஷாலா' திறக்கப்பட்டது. சங்ரஹஷாலா என்றால் சேகரிப்பு நிலையம்; நமது வழக்கில் நூதனசாலை. ஓவியர் அப்போது உயிருடன் இருந்தார். அடுத்த ஆண்டு, 1976 மே 28இல், டாக்காவில் மௌத்தானார். தன் பெயரிலான நூதனசாலையைத் தன் கண்ணாலேயே காணும் வாய்ப்பு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. நம்மவர்களுக்கு மௌத்தான பின்னர்தானே நினைவுக் கூட்டமே நடக்கிறது.

நான் மைமன்சிங் போனவனல்ல. அச்சில் பார்த்த படங்களையும் படித்த செய்திகளையும் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆகவே சுவரின் ஈரம் பற்றியோ வெளிச்சம் விழும் கோணம் பற்றியோ பேசப்போவதில்லை. அந்தக் கட்டடத்தின் கதை போதும்.

அது நூதனசாலைக்கென்று கட்டியதல்ல. பர்டன் என்ற ஆங்கிலேயருக்குச் சொந்தமாக இருந்து, பின்னர் நளினி ரஞ்சன் சர்க்கார் வாங்கிய மாளிகை. சர்க்கார் சாதாரண ஆளல்லர். பஸ்லுல் ஹக்கின் வங்காள அமைச்சரவையில் நிதியமைச்சர்; பெரிய காப்புறுதிக் கம்பனியொன்றை நடத்தியவர்; 1941இல் வைஸ்ராயின் நிர்வாக சபைக்குப் போனவர். 1943 பெப்ரவரியில், காவலிலிருந்த காந்தி உண்ணாவிரதம் இருந்தபோது, வேறு இரு உறுப்பினர்களுடன் பதவியைத் துறந்தார். அந்தத் துறவை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் அவர் அந்தச் சபையில் இருந்த காலத்தில்தான் வங்காளத்தின் அரிசிக்கு ஆபத்து வந்தது. அவர் விலகிய சில மாதங்களில் கல்கத்தா நடைபாதைகளில் கிராமத்து மக்கள் விழுந்து சாகத் தொடங்கினர். அந்தச் சாவை வரைந்தவனின் பெயரில் ஒரு வீடு தேடியபோது கிடைத்தது, அந்த ஆட்சியின் மேசையில் அமர்ந்திருந்த ஒருவரின் மாளிகை. இதில் வஞ்சகம் எதுவும் இல்லை. பழைய பெரிய கட்டடங்கள் எல்லா ஊர்களிலும் இப்படிப்பட்டவர்களுடையவையாகத்தான் இருக்கின்றன. ஏழையின் வீட்டைச் செப்பனிட்டு வைத்துக்கொள்ள முடியாது. அது முன்னமே விழுந்துவிடும்.

பஞ்சம் என்ற சொல்லை நாம் மழையோடு சேர்த்தே நினைத்துப் பழகியிருக்கிறோம். 1943 பஞ்சத்தில் மழையைவிட மனிதரின் பங்கு பெரிது. 1942இல் பர்மா ஜப்பானியர் கையில் வீழ்ந்தது. பர்மா அரிசி நின்றது. அதே அரிசியை நம்பியிருந்த இலங்கையும் அப்போது தட்டுப்பாட்டில்தான் கிடந்தது. ஜப்பானியர் வங்கக் கரையில் இறங்கினால் வாகனம் கிடைக்கக்கூடாது என்று ஆங்கிலேய அரசு 10 பேருக்கு மேல் ஏற்றக்கூடிய வள்ளங்களைப் பறித்தது, அழித்தது. 45,000க்கும் மேற்பட்ட வள்ளங்கள். அந்த ஒக்டோபரில் மிதுனபுரிக் கரையைப் புயல் அடித்தது. பதுக்கல்காரர் பதுக்கினர், விலை ஏறியது. செத்தவர் தொகை ஏறத்தாழ 30 இலட்சம் என்பார்கள். கணக்கு கூடலாம், குறையலாம். குறிஞ்சிப்பிட்டியில் பிறந்த எனக்கு அந்த வள்ளங்களின் கணக்கே முதலில் உறைத்தது. களப்புக்கும் கடலுக்கும் நடுவில் வாழும் சனத்திடமிருந்து வள்ளத்தைப் பறித்தால் மிச்சம் என்ன இருக்கும் என்பதை எவரும் எனக்கு விளக்கத் தேவையில்லை.

ஸைனுல் ஆப்தீன் அப்போது கல்கத்தா அரச ஓவியக் கல்லூரியில் விரிவுரையாளர். வயது 28. 1914இல் கிஷோர்கஞ்சில் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரின் மகனாகப் பிறந்து, பிரமபுத்திராக் கரையில் வளர்ந்தவர். மகனைக் கல்கத்தாவுக்கு அனுப்பத் தாய் தன் தங்க மாலையை விற்றார் என்று ஒரு கதை அங்கே வழங்குகிறது. அதை நம்புவதற்கு நமது உம்மாமார்களைத் தெரிந்த எவருக்கும் சிரமமிராது. 1938இல் பிரமபுத்திராவை நீர்வண்ணத்தில் தீட்டிய படங்களுக்கு அகில இந்தியக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றார். ஆக, நிறம் தெரியாதவரல்லர். ஆற்றையும் வானத்தையும் நிறத்தில் தீட்டிப் பதக்கம் வாங்கிய கைதான் 1943இல் நிறத்தை ஒதுக்கி வைத்தது.

எடுத்தது சீன மை, காய்ந்த தூரிகை, பொதி சுற்றும் மலிவான தாள். மையைத் தானே கரியெரித்துச் செய்துகொண்டார் என்றும் சொல்வார்கள். தூரிகையில் மை குறைவாக இருப்பதால் கோடு தாளில் இழுபடும்போது இடையிடையே அறுந்து போகிறது. விலா எலும்பை வரைந்த கோடு முழுதாகக் கறுப்பதில்லை. பொதித்தாளின் மங்கல் நிறம் அதற்குள் தெரிகிறது. அந்த மங்கல்தான் அவர்களுடைய தோல். வேறு நிறம் அங்கே எதற்கு? பின்னணியும் இல்லை. கல்கத்தாவின் மாடிகள் இல்லை, டிராம் இல்லை, கடைப் பலகை இல்லை. நகரம் அவர்களைப் பார்க்காமல் போனது போல, அவரும் நகரத்தை வரையாமல் விட்டிருக்கிறார். சில படங்களில் குப்பைத் தொட்டி இருக்கிறது, நாய் இருக்கிறது, காகம் இருக்கிறது. காகம் மட்டும் நல்ல உடம்போடு, முழுக் கறுப்பில். அந்தக் கூட்டத்தில் வயிறு நிறைந்த ஒரே ஜீவன் அதுதான் என்பதைச் சொல்ல அவருக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை.

இவ்விடத்தில் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். அதே பஞ்சத்தை அதே மையால் வரைந்தவர் சித்தப்பிரசாத். அவர் மிதுனபுரிக் கிராமங்களில் நடந்து, கண்ட மனிதரின் பெயர், ஊர், தொழில், என்ன நடந்தது என்பவற்றைப் படத்தோடு எழுதினார். 'ஹங்ரி பெங்கால்' என்ற அவருடைய சிறுநூலின் 5,000 பிரதிகளை அரசு கைப்பற்றி எரித்தது. ஸைனுல் ஆப்தீனின் மனிதருக்குப் பெயரில்லை, ஊரில்லை. முகமும் பல படங்களில் திரும்பியிருக்கிறது, அல்லது மண்டையோட்டுக்குக் கிட்ட வந்துவிட்டது. பெயரில்லாததால் அவர்கள் எல்லோருமாக ஆகிறார்கள் என்று புகழ்வது விமர்சகர்களின் வழக்கம். நான் அவ்வளவு சுலபமாகச் சமாதானமாக மாட்டேன். அந்தத் தாய்க்கு ஒரு பெயர் இருந்தது. எழுதியிருக்கலாம். சித்தப்பிரசாத்தின் நூல் எரிக்கப்பட்டதற்கு அந்தப் பெயர்களும் காரணமாயிருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் கோடு என்று பார்த்தால் ஸைனுல் ஆப்தீன்தான் மேலே நிற்கிறார். சித்தப்பிரசாத் நிறையச் சொல்கிறார். இவர் சொல்லாமல் விடுகிறார். ஏலா சென் என்ற பெண் எழுத்தாளர் 1944இல் வெளியிட்ட 'டார்க்கனிங் டேஸ்' என்ற பஞ்சக் கதை நூலுக்கு இவருடைய சித்திரங்களே அமைந்தன. பெயர் சொல்லும் வேலையை எழுத்தும், சொல்லாமல் விடும் வேலையைக் கோடும் பங்கிட்டுக்கொண்டன என்று கொள்ளலாம்.

பிரிவினைக்குப் பின் டாக்காவுக்கு வந்து, 1948இல் சில நண்பர்களோடு அந்த நகரின் முதல் ஓவியக் கல்லூரியைத் தொடங்கினார். 1951, 52இல் லண்டன் ஸ்லேட் கல்லூரியில் பயின்றார். திரும்பியபின் நாட்டார் கலை வடிவங்களை வைத்து, கோண வடிவான பெண்களையும் தலைவாரும் காட்சிகளையும் தீட்டினார். அழகான படங்கள். ஆனால் அவற்றை வேறு ஒருவரும் தீட்டியிருக்கக்கூடும். நண்பர்கள் கோபிக்கக்கூடாது: லண்டன் போய் வந்த பிறகு நாட்டாரைக் கண்டுபிடிப்பது நமது எழுத்தாளருக்கும் உள்ள பழக்கந்தான்.

மறுபடி மையை எடுத்தது எப்போது? 1970இல் அரபு லீக்கின் அழைப்பில் மத்திய கிழக்குக்குப் போய், பலஸ்தீன அகதி முகாம்களைக் கோட்டில் வரைந்தார். அதே ஆண்டு நவம்பர் 12இல் வங்கக் கரையைப் புயலும் கடற்பெருக்கும் தாக்கி இலட்சக்கணக்கானோர் மாண்டனர். மன்புரா தீவில் பிணங்களைக் கண்டு வந்தவர், சுமார் 30 அடி நீளச் சுருளில் சீன மையும் மெழுகும் நீர்வண்ணமும் கொண்டு அந்தக் குவியலை வரைந்தார். அதே ஆண்டின் 65 அடிச் சுருளான 'நபன்னா', ஊரின் செழிப்பும் பஞ்சமும் புறப்பாடும் என்று அந்த நாட்டின் கதையையே மையில் நீட்டி வைத்தது. எண்ணெய் வண்ணம் தெரிந்த, லண்டன் பார்த்த, கல்லூரி நடத்திய மனிதர், சனம் சாகும்போதும் ஊரைவிட்டுப் போகும்போதும் மைக்கே திரும்புகிறார். மை அவருக்கு ஆரம்ப வகுப்பு அல்ல. சாட்சி சொல்லப் போகும்போது உடுத்தும் உடை.

பையனுக்கு நான் சொன்ன பதில் ஏன் பிழை என்பது இப்போது விளங்குகிறது. நூதனசாலைகளோடு எனக்குள்ள பிணக்கும் இதுதான். அவை பெரும்பாலும் காலவரிசையில் நடத்திச் செல்கின்றன: முதலில் பென்சில், பிறகு மை, பிறகு நீர்வண்ணம், கடைசியில் பொன்னிறச் சட்டத்தில் பெரிய எண்ணெய் ஓவியம். பார்ப்பவன் மையை ஏணியின் முதற்படி என்று எடுத்துக்கொள்கிறான். மைமன்சிங்கில் தொடக்கத்தில் வைத்த 70 படங்களில் எண்ணெய் ஓவியங்களே அதிகம். பிரமபுத்திராவின் எதிர்க்கரையான சம்புகஞ்ச் துறையை வரைந்த படங்களும் அங்கே உண்டு. அந்த ஆற்றைப் பார்த்துக்கொண்டே அவற்றைப் பார்க்க முடிவது அந்த வீட்டின் பெரும் பேறு. ஆனால் அவருடைய படைப்பின் பெருந்தொகை, 800க்கு மேல், டாக்கா தேசிய நூதனசாலையில். பஞ்சச் சித்திரங்களின் முக்கிய சேகரிப்பும் அங்கேதான். என்னைக் கேட்டால், அந்தச் சித்திரங்களில் சிலவற்றையாவது சர்க்காரின் மாளிகைக்குக் கொண்டுவர வேண்டும். அந்த வீட்டின் சாப்பாட்டு அறை எதுவோ, அங்கே தொங்க வேண்டும்.

1982இல் அந்த நூதனசாலையில் 17 படங்கள் களவு போயின. 10 மட்டும் 1994இல் திரும்பி வந்தன. இதைப் படித்தபோது கோபத்தைவிட வேறொன்று தோன்றியது. அந்தக் கையால் 1943இல் நடைபாதையில் வரைந்த பொதித்தாள் காற்றில் பறந்து போயிருந்தாலும் எவரும் குனிந்து எடுத்திருக்க மாட்டார்.

நம் நாட்டில் இதற்குக் கிட்டிய ஓரிடம் கொழும்பு 7, பார்ன்ஸ் பிளேஸில் இருக்கும் சபுமல் மன்றம். ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்து வரைந்த வீடு. 1974இல் அவர் அதைத் தன் சேகரிப்போடு மன்றமாக்கினார். ஓட்டுக் கூரையும் நிழல் விழும் அறைகளுமாக, வீடு வீடாகவே இருக்கிறது. அதில் நிறைந்திருப்பவை '43 குழுவின் படங்கள். அந்தக் குழு 1943 ஓகஸ்ட் 29இல் லயனல் வென்ட் வீட்டில் கூடித் தொடங்கியது. ஸைனுல் ஆப்தீன் கல்கத்தா நடைபாதையில் குந்தியிருந்த அதே மாதங்கள்! ஜோர்ஜ் கீற்றின் கோடும், ஐவன் பீரிஸின் கடற்கரையும், பத்திரிகையில் ஒப்ரி கொலெட்டின் மைக் கேலிச்சித்திரமும் நமது நவீன ஓவியத்தின் சொத்து. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர்களில் பலர் கூப்பன் அரிசிக்கு வரிசையில் நின்றவர்களல்லர். ஐவன் பீரிஸின் கரையில் நிற்பவர்களுக்கு நித்திய அமைதி. எங்கள் கரையில் நின்றவர்களுக்கு அது வாய்த்ததில்லை.

நமது சமூகத்துக்குள் இந்தப் பேச்சை எடுத்தால் முதலில் வருவது உருவம் வரைவது ஆகுமா என்ற கேள்வி. அதற்குத் தீர்ப்புக் கூற நான் ஆலிமல்ல. ஸைனுல் ஆப்தீன் டாக்கா பல்கலைக்கழகப் பள்ளிவாசல் அருகே அடக்கப்பட்டிருக்கிறார் என்பதையும், அதே ஆண்டு மௌத்தான கவிஞர் நஸ்ருல் இஸ்லாமின் கப்ரும் அங்கேயே இருக்கிறது என்பதையும் மட்டும் சொல்லிவைக்கிறேன். 1972இல் பங்களாதேஷின் அரசியலமைப்பைக் கையால் எழுதியபோது அதன் பக்கங்களை அலங்கரிக்கும் பணியை நடத்தியவரும் இவரே. எழுத்தணியை நேசிக்கும் நமக்கு அது பிடிக்கும். பஞ்சச் சித்திரம் பிடிக்குமா என்பதுதான் கேள்வி.

நமது இலக்கிய ஒன்றுகூடல்களில் முஸ்லிம்களுக்கென ஒரு நூதனசாலை வேண்டும் என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. எழுந்தவுடன் கட்டடத்துக்குப் போய்விடுகிறோம். கற்பிட்டியில் ஒல்லாந்தர் 1667இல் கட்டத் தொடங்கிய கோட்டையைப் போல் ஒன்று கிடைக்குமா என்கிறார் ஒருவர். பழைய வளவு வீடு ஒன்றைச் செப்பனிடலாம் என்கிறார் இன்னொருவர். உள்ளே என்ன வைப்பது என்றால் பட்டியல் தயார்: அரபுத் தமிழ்க் கிதாபுகள், பித்தளைப் படிக்கம், உறுதிகள், நாணயங்கள், கல்யாணத் தொப்பி. வைக்கட்டும், எல்லாம் வேண்டும். 1990 ஒக்டோபரை எதைக் கொண்டு காட்டுவீர்கள்?

வடக்கிலிருந்து விடுதலைப் புலிகள் வெளியேற்றிய முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர். மன்னார்த் தீவுச் சனம் கடல்வழியாகக் கற்பிட்டிக்கு வந்து இறங்கியது. அப்போது நான் சிறு பையன். வள்ளங்களில் இருந்து பிள்ளைகளைத் தூக்கி இறக்கிய ஆட்களுக்குள் என் வாப்பாவும் இருந்தார். பிறகு இந்தக் கரை முழுக்கக் கிடுகுக் குடில்கள். வகுப்பில் ஒரு வாங்கில் நால்வர் இருந்த இடத்தில் ஏழு பேர் இருந்தோம். அந்தக் குடில்களில் எதையும் இனிச் செப்பனிட முடியாது. கிடுகு இரண்டு மாரிக்கு மேல் நிற்காது. நம்மிடம் இருப்பவை பெயர்ப் பட்டியல்கள், நிவாரண அட்டைகள், மகஜர்கள், சில புகைப்படங்கள். கவிதை இருக்கிறது, சிறுகதை இருக்கிறது, நல்லவையும் இருக்கின்றன. அதாவது சித்தப்பிரசாத் செய்த பாதி வேலை நம்மிடம் நடந்திருக்கிறது. பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது. கோடு என் கண்ணில் படவில்லை. அந்த ஈரமான சாமானோடு கரையில் குந்தியிருந்தவர்களுக்கு முன்னால் ஒரு பொதித்தாளை விரித்துக்கொண்டு குந்த, அன்று நமக்குள் ஒருவர் இருக்கவில்லை. இருந்திருக்க வழியுமில்லை, சித்திரப் பாடத்துக்கு ஆளில்லாத பாடசாலைகளை முப்பது ஆண்டுகளாக நாம்தான் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

வகுப்பில் ஒட்டிய படங்களின் சிறு பிரதிகளைப் பிள்ளைகளுக்குக் கொப்பியில் ஒட்டக் கொடுத்திருந்தேன். ஒரு வாரம் கழித்து ஒரு மாணவியின் பாட்டி பாடசாலைக்கு வந்தார். அந்தத் தீவிலிருந்து வந்து, திரும்பிப் போகாமல் இங்கேயே இருந்துவிட்டவர். மையித்துப் படத்தைப் பிள்ளைகளுக்கு ஏன் கொடுத்தீர்கள் என்று சண்டை பிடிக்கத்தான் வந்தார் என்று நினைக்கிறேன். கையில் அந்தத் தாள் இருந்தது. உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தபின் சண்டையைத் தொடங்கவில்லை.

"இது எந்தக் கடக்கர மகன்?" என்றார்.

கடற்கரை அல்ல மாமி, கல்கத்தாத் தெரு, வங்காளம், நாங்கள் பிறக்க முந்தி நடந்தது என்றேன்.

"காகம் வந்திச்சிதான்" என்றார். "ரெண்டு நாள் கரயில இருந்தம். காகத்த வெரட்டத்தான் எனக்கு நேரம் சரியா இருந்திச்சி." தாளைத் திருப்பி அதன் பின்பக்கத்தையும் பார்த்தார். அங்கே ஒன்றுமில்லை. பேத்தியின் கொப்பிக்கு வேறொரு படம் கொடுக்கும்படியும், இதைத் தான் வைத்துக்கொள்வதாகவும் சொன்னார். சுவரில் மாட்டவா என்று கேட்டேன்.

"உருவப் படத்த சுவத்தில மாட்டுறல்ல மகன். பழைய அகதி காட் வெச்சிருக்கிற தகரப் பொட்டி ஒண்டு இருக்கி. அதுக்குள்ள வெச்சிக்கிறன்."